கல்லுக்குக் கல் ஐம்பத்தாறு விநாடி

சாலையோரம் வெள்ளையடித்து ஒரு கல் நட்டிருந்தால், அங்கிருந்து அடுத்த கல் சரியாக ஒரு மைல் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சூரியன் கிழக்கே உதிக்கிறதா என்று யாரும் போய்ச் சரிபார்ப்பதில்லை அல்லவா, அந்த மாதிரி. அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். திருவள்ளூரில் சொந்தமாக ஒரு மீட்டர் ரிப்பேர் கடை. இத்தனை ஆன பிறகும் ஒருவன் இப்படி நம்புவானா என்று கேட்டால், கடையே அந்த நம்பிக்கையின் மேல்தான் நடந்தது என்பேன்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், சைக்கிள் கடைக்கும் சலூனுக்கும் நடுவில், ஒரு ஆள் குறுக்கே படுத்தால் வாசல் அடைபட்டுப் போகும் இடம். சலூனுக்கு வந்து காத்திருப்பவர்கள் என் பெஞ்சில்தான் உட்கார்வார்கள். நான் பேசுவதைக் கேட்டு, நீ அந்தச் சலூனில் கத்தரி பிடித்திருக்க வேண்டியவன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். லாரி, பஸ், டாக்ஸி, எதன் ஸ்பீடோமீட்டர் நின்றாலும் என்னிடம் வரும். சரிபண்ணி மாட்டிவிட்டு, அதே வண்டியில் நானும் ஏறி உட்கார்ந்து திருப்பாச்சூர்ச் சாலையில் ஒரு ஓட்டம் போய் வருவேன். அந்தச் சாலையின் மைல்கற்களும் என் கைக்கடிகாரமும்தான் என்னுடைய பரிசோதனைச் சாலை.

கணக்கு சுலபம். முள் மணிக்கு முப்பது மைலில் நின்றால் கல்லுக்குக் கல் நூற்றிருபது விநாடி. நாற்பதில் நின்றால் தொண்ணூறு. அடுத்த கல் அதற்கு முன்னால் வந்துவிட்டால் முள் வேகத்தைக் குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். பின்னால் வந்தால் கூட்டிச் சொல்கிறது. இந்த இரண்டு வரியை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு நாள்தான் சொல்ல முடியாமல் போனது. அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே கார்ப் பந்தயம் நடக்கும். பந்தயம் வந்தால் போதும், இரண்டே பேர் உட்காரும் பழைய இங்கிலீஷ் கார்கள் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடும். தரையோடு தரையாக, மூக்கு நீண்டு, கூரை இல்லாமல். அவற்றின் மீட்டர்கள் சிலது கைமாறிக் கைமாறி என் கடைக்கு வர ஆரம்பித்தன. பந்தயத்தில் ஓட்டுகிறவன் வேக மீட்டரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் என்னவோ அவர்கள் உயிரே என் விரல் நுனியில் இருப்பதாக நினைத்து ஒவ்வொன்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறப்பேன்.

திறந்து பார்த்தால் அழகாக இருக்கும். சக்கரத்திலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்துக்கு மேலே மெல்லிய அலுமினியக் கிண்ணம், அதன் தண்டில் முள். காந்தம் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை, தொடாமலே இழுக்கிறது. தலைமுடி கனத்தில் ஒரு சுருள் ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுக்கிறது. காந்தம் வா என்கிறது, ஸ்பிரிங் இரு என்கிறது, நடுவில் முள் எங்கே திகைத்து நிற்கிறதோ அதுதான் வேகம். எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான், முள் நான், என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்வேன். வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாலும் என் மனைவிக்கு இந்த ஒரு ஜோக் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் சின்னக் கவ்வியை நகர்த்துவதற்கு முன், அது முதலில் இருந்த இடத்தில் தையல் ஊசியால் ஒரு கீறல் போட்டு வைப்பேன். நகர்த்தியது தப்பாகப் போனால் திரும்பி வர ஒரு வழி வேண்டுமே. வீட்டில் அலமாரியை நகர்த்தினால்கூடத் தரையில் கீறல் போடுகிறவன் என்று எனக்குப் பெயர்.

கவரைப்பேட்டையில் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவர் ஒரு நாள் ஜீப்பில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் காலரில் தவிடு. துணியில் சுற்றி ஒரு மீட்டரைக் கொண்டுவந்திருந்தார். பின்னாலேயே அவர் மனைவி இறங்கினார்.

"இன்னா மீட்டரு, இத்த உயிர் பொழைக்க வைக்க முடியுமா பாரு," என்றார் மில்காரர். அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் மீட்டரு.

பிரித்துப் பார்த்தேன். யாரோ கேபிளுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டிருந்தார்கள். கேபிளில் விட்ட எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மீட்டருக்குள் வந்து, அதில் மில் தவிடும் சேர்ந்து, உள்ளே அடை தட்டியதுபோல் இருந்தது. கண்ணாடிக்கும் டயலுக்கும் நடுவில் ஒரு அரிசி வண்டு செத்துக் கிடந்தது, சரியாக எழுபதுக்குப் பக்கத்தில்.

"வேகமா போன வண்டு, மொதலாளி," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா டயலையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்காரர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கார் அவர்களுடைய மகனுடையது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரியிடம் வாங்கியது. சோழவரத்தில் இரண்டு முறை ஓட்டியிருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்செட்டிக்குப் பக்கத்தில், இந்தக் காரில் அல்ல, மோட்டார் சைக்கிளில், ஒரு புளியமரத்தில் மோதி இறந்துபோனான். அன்றிலிருந்து கார் மில் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. இப்போது விலைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. சோழவரத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.

"அவன் கூப்ட்டுக்கினே இருந்தான் தம்பி," என்றார் அந்த அம்மா. "ஒரு தபா வந்து குந்தும்மா, அறுபதுல போனாக்கூட உனக்குத் தூக்கம்தான் வரும்பான். பயமா இருக்குதுடான்னு நான் குந்தவேயில்ல. விக்கறதுக்கு முன்னால ஒரு தபா குந்திட்றேன். இவரு ஓட்டினு போவட்டும், கவரப்பேட்டையிலருந்து சோழவரம் வரைக்கும். நாப்பதைத் தாண்டமாட்டேன்னு எனக்கு சத்தியம் பண்ணிகிறாரு."

"அதான் பண்ட்டேன் இல்ல," என்றார் மில்காரர், தெருவைப் பார்த்தபடியே.

"அவரு சத்தியத்த நான் நம்பல. முள்ளதான் நம்புவேன். புள்ள அன்னிக்கு ஓட்டன வண்டியில மீட்டரு ஓடல. எவ்ளோ வேகத்துல வந்தான்னு போலீஸ்ல கேட்டாங்க. நானும் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. இந்தத் தபா எனக்குத் தெரியணும்."

அவர் அழவில்லை. கத்தரிக்காய் நல்லதா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

பத்து நாள் அந்த மீட்டரோடு இருந்தேன். எண்ணெயைப் பெட்ரோலில் கழுவி, தவிட்டைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். மங்கியிருந்த எண்களை ஒற்றைமுடித் தூரிகையால் மறுபடி வரைந்தேன். நாற்பது என்ற எண்ணை மட்டும் மூன்று முறை அழித்து எழுதினேன். வண்டை எடுத்து வெளியே போட்டேன். புதுக் கேபிள் வாங்கி, எண்ணெய்க்குப் பதில் மேல்முனைவரை வராமல் கிரீஸ் கொஞ்சம் தடவினேன்.

காரில் மாட்டிப் பரிசோதிக்க நானே கவரைப்பேட்டைக்குப் போனேன். திருப்பாச்சூர்ச் சாலைக்கு அந்தக் காரைக் கொண்டுவருவது தூரம். கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் பெரிய ரோடு நேராகப் போகிறது. அதுவே போதும் என்றேன். சாலையோரக் கற்களெல்லாம் புதிதாக நட்டு, அப்போதுதான் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நின்றன. எண் மட்டும் இன்னும் எழுதவில்லை. எண் எனக்கு எதற்கு? கல் இருந்தால் போதாதா?

அதுவரை லாரி, பஸ் என்று உயரத்தில் உட்கார்ந்தே பழகியவன் நான். அந்தக் காரில் உட்கார்ந்ததும் என் பின்புறத்துக்கும் கும்மிடிப்பூண்டி ரோட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருந்தது. எதிரே வரும் லாரியின் சக்கரம் என் காதுக்கு நேரே வந்தது. மில்காரர் முள்ளை நாற்பதில் நிறுத்தினார். காற்று என் வாய்க்குள் புகுந்து வேறு எங்கோ வழியாக வெளியே போனது. நான் ஒரு கையால் கதவையும் பற்களால் என் துண்டையும் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன்.

தொண்ணூறு விநாடியில் வர வேண்டிய கல் ஐம்பத்தாறில் வந்துவிட்டது.

அடுத்ததும் ஐம்பத்தாறு. அதற்கடுத்ததும் ஐம்பத்தாறு. கணக்குப் போட்டால் மணிக்கு அறுபத்துநாலு மைல். முள் நாற்பது என்கிறது.

"நிறுத்துங்க மொதலாளி! இது அறுபத்துநாலு! முள்ளு குறைச்சுக் காட்டுது!"

அவர் காரை ஓரம் கட்டினார். "அப்டி தெரியலையே நைனா. நம்ம ஜீப்பு நாப்பதுல போனா இப்டித்தான் இருக்கும்."

"ஜீப்பு வேற, இது வேற, மொதலாளி. ஜீப்புக்கு உயரம். உயரத்துல வேகம் தெரியாது." இதை நான் ஒரு விஞ்ஞானி மாதிரி சொன்னேன். "நான் எத்தினி மீட்டரு பார்த்தவன்!"

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "சரி மீட்டரு. நீ சொன்னா சரி."

அங்கேயே ரோட்டோரத்தில் மீட்டரைக் கழற்றினேன். கவ்வி இருந்த இடத்தில் ஊசியால் கீறல் போட்டேன். ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். மறுபடி ஓடினோம், மறுபடி தளர்த்தினேன். கல்லுக்குக் கல் ஐம்பத்தாறு விநாடிக்கு முள் அறுபத்துநாலைக் காட்டியதும்தான் என் மூச்சு திரும்பியது. ஒரு தாயின் மனசுக்கு நியாயம் செய்துவிட்டேன் என்று பஸ்ஸில் ஊர் திரும்பும்போது எனக்கே என்மேல் மரியாதையாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கிளம்பினார்கள். மீட்டரின் கண்ணாடி விளிம்பைக் கடைசியாக ஒரு முறை இறுக்கிவிட நானும் போயிருந்தேன். மில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். அந்த அம்மா கார்க் கதவருகே வந்ததும் செருப்பைக் கழற்றித் தரையில் ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மீட்டருக்கு நேராகத் தலையைத் திருப்பிக்கொண்டார். ரோட்டைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

கார் போயிற்று. அவர்களைத் திருப்பி அழைத்துவர மில் ஜீப் ஒரு மணி நேரம் கழித்துப் போவதாக ஏற்பாடு. நான் பஸ் பிடிக்க மெயின் ரோட்டுக்கு நடந்தேன்.

அங்கே ஒரு கல்லுக்கு முன்னால் தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரோடு டிபார்ட்மெண்ட் ஆள். கையில் கறுப்பு பெயிண்ட், பிரஷ். பஸ் வரும்வரை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா எனக்கு?

"இன்னா அண்ணே, கல்லுக்கு நாமம் போட்றீங்களா?"

"நாமத்த உன்ன மாதிரி ஆளுக்குப் போடலாம். இதுக்கு நம்பரு."

எட்டிப் பார்த்தேன். எண்ணை எழுதி, அதற்குக் கீழே கி.மீ. என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"அது இன்னா கி.மீ.?"

"கிலோமீட்டரு. மைல்கல்ல புடுங்கிப் போட்டு ஆறு மாசமாவுது. நீ எந்த ஊரு?"

"திருவள்ளூரு."

"உங்க ரோட்டுக்கு இன்னும் வர்ல. வரும், வரும்."

"அப்ப இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் ஒரு மைலு இல்லியா?"

"ஏதுய்யா மைலு? அஞ்சு பர்லாங்குதான்."

மைலுக்கு எட்டு பர்லாங்கு. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. எட்டுக்குப் பதில் ஐந்து. நான் வைத்த முள் தப்பு. எந்தப் பக்கம் தப்பு என்று ஒரு நிமிஷம் அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்து யோசித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். தப்பு என்ற சொல் மண்டைக்குள் போனதுமே, அது தானாக உள்ளே ஒரு புளியமரத்தை வரைந்துவிட்டது. முள் நாற்பதைக் காட்டும், அவர்கள் அறுபத்துநாலில் போவார்கள், அந்த அம்மா முள்ளைப் பார்த்துக்கொண்டே போவார். ரோட்டைப் பார்க்க மாட்டார். நான் எழுதிய நாற்பதை நம்பிக்கொண்டே.

என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததோ தெரியாது. பெயிண்டர் பிரஷைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். தெற்கே போகிற ஒரு செங்கல் லாரி வந்தது. நான் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"சாவுறதுக்கு வேற எவன் வண்டியும் கெடைக்கலியா உனக்கு!" என்று டிரைவர் பிரேக் போட்டார். நான் பதில் சொல்லாமல் ஏறிக்கொண்டேன். ஒரு கால் செருப்பு கவரைப்பேட்டையிலேயே நின்றுவிட்டது.

"வேகமா போங்க அண்ணே, முன்னால ஒரு கார் போவுது, அதுல இருக்கிறவங்கள நான் கொன்னுட்டேன்!"

டிரைவர் என்னைப் பார்த்தார். கதவுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "கொன்னுட்டியா, இல்ல கொல்லப் போறியா? தெளிவா சொல்லிடு. எனக்கு பேஜாரு வாணாம்."

"எவ்ளோ வேகத்துல போறோம் இப்ப?"

"யாருக்குத் தெரியும்? மீட்டரு செத்து ரெண்டு வருசமாவுது."

தச்சூர் கூட்ரோடு தாண்டும்போது அழுகையும் இருமலுமாக எல்லாவற்றையும் சொன்னேன். காந்தம், கிண்ணம், கவ்வி எல்லாம் சொன்னேன். டிரைவர் பீடியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்.

"இரு இரு. நீ எட்டு பர்லாங்கு போயிட்டேன்னு நெனச்ச. ஆனா அஞ்சுதான் போயிருக்க."

"ஆமா."

"அப்ப நீ நெனச்சதவிட மெதுவாத்தான போயிருக்க?"

"ஆமா."

"மெதுவா போனதுக்கே முள்ள அறுபத்துநாலுல வச்சிட்ட. அப்ப உன் முள்ளு ஜாஸ்தியாத்தான காட்டும்? அவுங்க நாப்பதுன்னு நெனச்சி மாட்டு வண்டி மாதிரி போய்க்கினு இருப்பாங்க. இதுக்கா நடுரோட்டுல வந்து வுழுந்த? மீட்டரு ரிப்பேராம் மீட்டரு!"

மைல்கல் கணக்கைத் தூக்கத்தில் சொல்கிறவன் நான். அதை ஒரு லாரி டிரைவர் பீடி அணைவதற்குள் போட்டு முடித்துவிட்டார். முள் நாற்பதைக் காட்டும்போது கார் இருபத்தைந்தில்தான் போகும். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுதுகொண்டிருந்தவன் சட்டென்று சிரிப்பதைப் பார்த்து டிரைவர் மறுபடி கதவுப் பக்கம் நகர்ந்தார்.

அப்படியே சிரித்துக்கொண்டு பஞ்செட்டி வரை வந்தேன். ஊரைத் தாண்டியதும் தூரத்தில் அந்தக் காரைப் பார்த்தேன். சாலையைவிட்டு இறங்கி, ஒரு புளியமரத்தின் கீழே நின்றுகொண்டிருந்தது. காருக்குள் யாரும் இல்லை.

லாரி முழுசாக நிற்பதற்குள் குதித்துவிட்டேன். இருந்த ஒற்றைச் செருப்பும் போயிற்று.

காருக்கு ஒன்றும் ஆகவில்லை. மில்காரர் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அந்த அம்மா வெறுங்காலோடு மரத்தடியில் நின்று, அடிமரத்தில் அடித்திருந்த வெள்ளைப் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். வேறு எதுவும் செய்யவில்லை. அந்த மரம் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னா மீட்டரு," என்று மில்காரர் எழுந்தார். "ஸ்க்ரூ எதனா உள்ளயே மறந்து வச்சிட்டியா? இப்டி மூச்சு வாங்குற?"

அந்த அம்மா திரும்பினார். முகம் தெளிவாக இருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"தம்பி, அறுபது வரைக்கும் போனோம்," என்றார். "மொதல்ல நாப்பதுலதான் போனாரு. போறாப்லயே தெரியல. பஸ்ஸெல்லாம் எங்களத் தாண்டிப் போச்சு. நான்தான் இன்னும் கொஞ்சம் போங்கன்னேன். அம்பது. அப்பறம் அறுபது. தூக்கம் வர்ற மாதிரிதான் இருந்துச்சி. அவன் பொய் சொல்லல."

நான் மில்காரரைப் பார்த்தேன். அவர் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் தலையை ஒரே ஒரு முறை, இடம் வலமாக, மெல்ல அசைத்தார். ஜீப் ஓட்டுகிறவர். எல்லாம் தெரிந்திருக்கிறது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆயுளில் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு நல்ல பெயர் வாங்கியிருப்பேன். ஆனால் கடையில் வந்து அவர் கேட்டது நிம்மதியை அல்ல. இந்தத் தபா எனக்குத் தெரியணும் என்றுதான் கேட்டார். என்னை நம்பி முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, அது அறுபது இல்லம்மா," என்றேன். "நான் கல்ல தப்பா எண்ணிட்டேன்." மைல் கல், கிலோமீட்டர் கல், எட்டு பர்லாங்கு, ஐந்து பர்லாங்கு, எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்க வைக்கிற வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கையை மரத்திலிருந்து எடுக்கவில்லை. ஒரு பஸ் வந்து போனது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"அறுபதுன்னு காட்டனப்ப எவ்ளோ?"

"முப்பத்தேழும்மா."

"அப்ப நாப்பதைத் தாண்டல."

"தாண்டலம்மா."

அவர் கணவரைப் பார்த்தார். "நான் போகச் சொல்லியும் சத்தியத்தக் காப்பாத்திட்டீங்க. உங்களுக்கே தெரியாம."

"தெரியும்," என்றார் மில்காரர். "ஜீப்பு ஓட்றவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் அறுபது வரைக்கும் வுட்டேன்."

அந்த அம்மா மரத்திலிருந்து கையை எடுத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நான் நினைத்தது எதுவும் அன்று நடக்கவில்லை.

"அறுபதுல தூக்கம் வருமான்னு எனக்கு இன்னும் தெரியாது," என்று சொன்னார். "தெரியவும் வேணாம். நீ அத்த சரி பண்ணு தம்பி. நெசமான நாப்பது எப்டி இருக்கும்னு பார்க்கறேன்."

என் பையில் எப்போதும் இருக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். துண்டைக் காரின் மூக்கின்மேல் விரித்து மீட்டரைக் கழற்றி வைத்தேன். மில்காரர் தன் தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். கவ்விக்குப் பக்கத்தில் ஊசிக் கீறல் இருந்தது, மயிரிழை மாதிரி. அந்தக் கீறலைப் பார்த்த அளவு அன்பாக நான் எதையும் பார்த்ததில்லை. கவ்வியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். நான் கை வைப்பதற்கு முன்னால் அந்த மீட்டர் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மாட்டி முடித்ததும் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

"முள்ள மட்டும் நம்பாதீங்கம்மா. ஒரு கல்லு உங்களத் தாண்டனதும் இந்தச் சின்ன விநாடி முள்ளப் பாருங்க. அடுத்த கல்லு வர்றப்ப மறுபடி பாருங்க. அம்பத்தாறு விநாடி ஆகியிருந்தா நெசமான நாப்பது."

"இது மைல்கல்லு இல்லியே?"

"இல்லம்மா. கேட்டுட்டேன்."

அவர் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஏறினார். கார் மெல்ல ரோட்டில் ஏறித் தெற்கே போயிற்று. நான் செருப்பில்லாமல் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மில் ஜீப் வந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டேன்.

சோழவரத்தில் ஓடுதளத்துக்கு வெளியே அந்த அம்மா மட்டும் ஒரு வேப்பமரத்தின் நிழலில் நின்றிருந்தார். வாங்க வந்தவர் காரை அதற்குள் எடுத்துப் போய்விட்டிருந்தார். மில்காரர் கொஞ்சம் தள்ளி, காலிச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா கடிகாரத்தை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

ஒன்பது கல் எண்ணினாராம். எட்டுக்கு ஐம்பத்தாறு விநாடி. காரனோடைப் பாலத்துக்கு முன்னால் ஒன்றுக்கு மட்டும் எழுபது, எருமை குறுக்கே வந்திருக்கிறது. முள் நாற்பதைத் தாண்டவில்லை.